மூன்று அடுப்பு, இரண்டு ஆள்

அன்று காலை அச்சாபீசில் இருந்தவர்கள் இவர்கள். போர்மேன் ஆறுமுகம். புரூப்பில் பிழை பார்க்கும் சுந்தரம். டிரெடில் என்கிற கால்மெஷினை மிதிக்கும் கந்தன். தாள் மடிக்கும் பாவாயி அக்கா. நாமக்கல்லிலிருந்து வந்த குப்புசாமி வாத்தியார். அவர் கையோடு கூட்டி வந்த பஸ் கண்டக்டர். எழுத்து அடுக்கும் கம்பாசிட்டர் மாரப்பன், அது நான். முதலாளி இல்லை. தாள் பர்மிட்டுக்காகக் கலெக்டர் ஆபீசுக்குப் போயிருந்தார்.

வாத்தியார் உட்காரவில்லை. ஒரு கையில் புரூப்பும் காப்பியும், இன்னொரு கையில் குடை. குடையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"இந்தக் கோடெல்லாம் யாரு போட்டது?" என்று கேட்டார்.

நான் கையைத் துணிக்குள் சுருட்டிக்கொண்டேன்.

அச்சுத் தொழிலாளர் சங்கத்து மலருக்கு எழுதச் சொன்னார்கள். இத்தனை வருடத்தில் கஷ்டமான வேலை எது என்று கேட்டார்கள். இப்போது வரியை வரியாகவே வார்த்துத் தள்ளுகிற மெஷின் வந்துவிட்டது. அதில் உட்காருகிற ஆட்களுக்கு இது எவ்வளவு புரியுமோ தெரியாது. கேட்டதால் எழுதுகிறேன். எனக்கு எழுத வராது. அடுக்க வரும்.

வெண்ணந்தூரில் நாலாம் வகுப்பு வரை படித்தேன். அதோடு சரி. சேலத்துக்கு வந்து ஒரு வருடம் தரை கூட்டினேன், மை உருளை கழுவினேன். ஒரு வருடம் அச்செழுத்துகளைப் பிரித்து அறை அறையாகப் போட்டேன். மூன்றாம் வருடம் அடுக்க விட்டார்கள். தமிழ் முதலில், இங்கிலீஷ் பிறகு. இங்கிலீஷ் எனக்குப் படிக்கத் தெரியாது. எழுத்துகள் தெரியும். எந்த எழுத்து எந்த அறையில் என்று கைக்குத் தெரியும். தாளில் என்ன இருக்கிறதோ அதை அடுக்குவேன். என்ன சொல்லியிருக்கிறது என்று கேட்கமாட்டேன். அது என் வேலை இல்லை.

போர்மேனைப் பற்றிச் சொல்லவேண்டும். ஆறுமுகண்ணன் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. நம் பின்னால் வந்து நிற்பார். வெற்றிலை மெல்லுகிற சத்தம் கேட்கும். திரும்பிப் பார்த்தால் அவர் நம்மைப் பார்க்கமாட்டார், கையைப் பார்ப்பார். கோபம் வந்தால் 'சாமி' என்பார். எங்கள் பக்கம் குழந்தையும் சாமிதான், கிழவரும் சாமிதான். அவர் வாயில் மட்டும் அது வேறு. "ஏஞ்சாமி, துணிய மடிச்சு வெச்சுட்டுப் போறியா" என்றால் அந்த ஆளுக்கு அன்றோடு வேலை முடிந்தது. நான் சேர்ந்த பிறகு மூன்று பேர் அப்படிப் போனார்கள். அதில் ஒருவன், ஆசிரியர் எழுதிக் கொடுத்த தாளின் மேல் மையைக் கவிழ்த்தவன். அந்தத் தாளை நாங்கள் காப்பி என்போம்.

அவருக்கு இரண்டு சட்டம். காப்பி எழுதினவருடையது, அதில் நம் கை படக்கூடாது, சந்தேகம் வந்தால் கேட்கவேண்டும். இது ஒன்று. எழுதினவர் கையெழுத்துப் போடாத புரூப் மெஷினுக்குப் போகாது, கையெழுத்துப் போட்டு வந்த புரூப்பில் ஒரு புள்ளியையும் தொடக்கூடாது. இது இன்னொன்று. இரண்டையும் நான் மீறினேன். ஒரே வாரத்தில்.

அது யுத்த காலம். குப்புசாமி வாத்தியார் நாமக்கல் பக்கம் ஒரு ஹைஸ்கூலில் இங்கிலீஷ் நடத்தினார். எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சையில் அவர் பையன்கள் விழுகிற குழி ஒன்றுதானாம். ஒரு நீள வாக்கியம் கொடுப்பார்கள். அதற்குள் சின்ன வாக்கியங்கள் இருக்கும். அவற்றைப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் எழுவாய் எது என்று எழுதவேண்டும். பையன்களுக்கு அது பிடிபடவில்லை. அதற்கென்றே வாத்தியார் ஒரு பயிற்சிப் புத்தகம் எழுதினார். சின்ன வாக்கியத்தின் எழுவாயை மட்டும் தடித்த எழுத்தில் போடவேண்டும் என்றார்.

போர்மேனுக்கு அது விளங்கவில்லை. எல்லாரும் கேட்கும்படி வாத்தியார் விளக்கினார்.

"ஒரே கூரைங்க. அண்ணன் தம்பி பிரிஞ்சு ஆளுக்கொரு அடுப்பு வெச்சிருக்காங்க. வெளிய நின்னு பாத்தா ஒரே ஊடு. உள்ள போனா ரெண்டு அடுப்பு. ரெண்டாவது அடுப்புக்கும் ஒரு ஆளு உண்டில்லீங்க? நம்ம பசங்க பெரியவன் பேரையே எல்லா அடுப்புக்கும் எழுதிப்போட்டு வாரானுங்க. சின்ன அடுப்புக்கு ஆளு யாரோ, அந்த ஆளத்தான் தடியாப் போடோணும்."

பாவாயி அக்கா தாள் மடித்தபடியே கேட்டது. "அடுப்புக்கு ஆளு பொம்பளைங்கய்யா. அத உங்க பொஸ்தகத்துல போட்டிருக்குதுங்களா?"

"இங்கிலீஷுல ஆம்பள, பொம்பள, ஆடு, மாடு, எல்லாம் எழுவாய்தான் அம்மிணி."

"அப்ப அவிய ஊட்டுல மாடும் சோறாக்குமாட்ட இருக்குது" என்றது பாவாயி அக்கா.

வாத்தியார் சிரித்தார். போர்மேன் சிரிக்கவில்லை. தடித்த எழுத்து எத்தனை இருக்கிறது என்று பார்க்கப் போய்விட்டார்.

அதுதான் முதல் கஷ்டம். தடித்த எழுத்து தலைப்புக்கு மட்டும் வாங்கிவைப்பது. கொஞ்சம்தான் இருக்கும். இந்தப் புத்தகத்தில் 'ஹூ', 'விச்' என்ற சொற்கள் வரிக்கு வரி தடியாக வந்தன. மெட்ராசில் எழுத்து வார்க்கிறவர்கள், யுத்தம் முடிகிற வரை கேட்காதே என்று எழுதிவிட்டார்கள். அதனால் நாலு பக்கம் அடுக்குவோம், அச்சடிப்போம், எழுத்தைப் பிரிப்போம், அடுத்த நாலு பக்கம் அடுக்குவோம். காப்பியும் அந்த அளவில்தான் வரும். நாமக்கல் பஸ் கண்டக்டர் கொண்டுவந்து கொடுப்பார். புரூப்பும் அவர் கையில்தான் போகும். கரி போட்டு ஓட்டுகிற பஸ். ஏற்றத்தில் நின்றுவிடும். ஆனாலும் காப்பி ஒருநாளும் தவறினதில்லை.

என் வீட்டு நிலையையும் சொல்கிறேன். மனைவி இளம்பிள்ளைக்காரி. அவள் பிறந்த வீட்டில் மூன்று தறி. நூல் வராமல் மூன்றும் நின்றுவிட்டன. அவர்களுக்கும் எங்களுக்கும் சேர்த்து என் ஒருவன் கூலி. கொண்டப்பநாயக்கன்பட்டியில் குடியிருந்தோம். தினமும் நடைதான். நடக்கும்போது இந்தக் கணக்கு மனதில் ஓடும், அதனால் வேகமாக நடப்பேன்.

இப்போது அந்தத் திங்கட்கிழமை.

ஒரு பக்கம் அடுக்கி முடித்ததும் சுற்றிலும் நூலால் இறுக்கிக் கட்டுவோம். பிறகு ஸ்பஞ்சில் தண்ணீர் தொட்டு மேலே பிழிவோம். ஈரம் இருந்தால் எழுத்தோடு எழுத்து ஒட்டி நிற்கும், தூக்கும்போது நடுவில் உதிராது. பிறகு பக்கத்தைக் கல்மேசைக்குத் தள்ளிவிடுவோம். அன்றைக்குக் கல்மேசை நிறைய ரேஷன் படிவம். இடம் இல்லை. நான் வேறொரு புத்தகத்தின் பக்கத்தைக் கட்டி, நனைத்து, பலகையோடு என் எழுத்துத் தட்டின் மேல்விளிம்பில் வைத்தேன். கீழே வாத்தியாரின் காப்பி இருந்தது, இன்னும் அடுக்காதது. பார்த்தேன். தண்ணீர் வடிந்துவிட்டது என்று நினைத்தேன். சாப்பிடப் போய்விட்டேன்.

திரும்பி வந்தபோது காப்பி ஊதாவாக இருந்தது.

வாத்தியார் வாக்கியங்களைப் பேனா மையில் எழுதுவார். அது அவ்வளவாகக் கலையவில்லை. தடியாகப் போடவேண்டிய சொல்லுக்குக் கீழே கோடு போடுவார். அதற்கு மட்டும் ஊதாப் பென்சில். ஈரம் பட்டால் சாயமாகக் கரைகிற பென்சில். ஒவ்வொரு வரிக்குக் கீழும் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை ஊதா. எந்தச் சொல்லுக்குக் கீழே கோடு இருந்தது என்று சொல்ல முடியாது. தாளின் இரண்டு பக்கமும் அப்படியே. முப்பத்திரண்டு வாக்கியம்.

போர்மேன் முன்கட்டில் இருந்தார். வெற்றிலை இடிக்கிற சத்தம் கேட்டது. பத்தடி நடந்தால் போதும். "அண்ணா, நனைச்சுப்போட்டேன்" என்று சொல்லியிருக்கலாம். நடந்தேன். பாதியில் திரும்பினேன். மறுபடி நடந்தேன். கந்தன் பார்த்துவிட்டுக் கேட்டான்: "ஏனுங்க, எறும்பு ஏறிருச்சா?"

தாளை மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டேன்.

உருளைக்குப் பசை காய்ச்சுகிற அடுப்புப் பக்கம் போய்த் தாளைக் காயவைத்தேன். பிறகு நின்று யோசித்தேன். அதுவரை அச்சான பாரங்கள், நாலு நாலு பக்கமாக அடித்த தாள்கள், அலமாரியில் இருந்தன. எடுத்துப் பார்த்தேன். எழுத்து எழுத்தாக இல்லை, முதல் தடவையாகச் சொல் சொல்லாகப் பார்த்தேன். தடித்த சொல்லுக்கு முன்னால் என்ன வருகிறது, பின்னால் என்ன வருகிறது. ஒரு மணி நேரத்தில் எனக்கு ஒரு வழி தெரிந்தது. 'வென்', 'இஃப்', 'பிகாஸ்' என்கிற சொற்கள் கொக்கி மாதிரி. கொக்கிக்கு அடுத்து வருவது தடி. 'ஹூ', 'விச்' வந்தால் கொக்கியே தடி. வாக்கியத்துக்கு ஒன்று.

போர்மேன் கிளம்பின பிறகு புரூப் மேசையிலிருந்த ஊதாப் பென்சிலை எடுத்தேன். வழவழப்பான பித்தளைத் தகட்டை ஓரத்தில் பிடித்துக்கொண்டு முப்பத்திரண்டு இடத்தில் கோடு போட்டேன். தாளில் ஈரம் கொஞ்சம் இருந்தது. சாயம் விரலில் ஏறியது. மண்ணெண்ணெயில் கழுவினேன். போகவில்லை. புளியில் தேய்த்தேன். போகவில்லை.

வீட்டில் சோறு போடும்போது மனைவி கையைப் பார்த்தாள்.

"எந்தச் சீலைக்குங்க சாயம் தோச்சீங்க?"

"மை."

"மை கருப்பாத்தான இருக்கும்."

"இது வேற மை."

அவள் சாயக்காரர் வீட்டுப் பக்கத்தில் வளர்ந்தவள். என் விரலைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். "இது ஒரு வாரம் போகாதுங்க" என்றாள்.

மறுநாள் அடுக்கினேன். என் கை அவ்வளவு வேகமாகப் போனது அன்றைக்குத்தான். புரூப் எடுத்தோம். புரூப் பார்ப்பது எங்கள் ஆபீசில் இப்படி. சுந்தரம் காப்பியை உரக்கப் படிப்பார், போர்மேன் புரூப்பில் கண் வைத்துக் கேட்பார். தடித்த சொல் வந்தால் சுந்தரம் முன்னாலேயே "தடி" என்பார். சுந்தரம் இந்த இங்கிலீஷ் பரீட்சையிலேயே மூன்று தடவை தவறியவர். அதனால்தான் புரூப் பார்க்க வந்தார். அவரே சொல்லிச் சிரிப்பார்.

அன்று காப்பியைக் கையில் வாங்கினதும் நிறுத்தினார். "என்னய்யா இது, கத்திரிப்பூவாட்ட இருக்குது?"

"பஸ்சுல மழைத்தண்ணி பட்டிருச்சுங்க" என்றேன்.

அந்தப் பொய் யோசித்துச் சொன்னதில்லை. வாயில் வந்துவிட்டது. போர்மேன் என் கையைப் பார்த்தார்.

சுந்தரம் படித்தார். "தடி, தடி" என்று முப்பத்திரண்டு தடவை. நான் போட்ட கோட்டை அவர் படிக்கிறார். நான் அடுக்கினதைப் போர்மேன் பார்க்கிறார். எப்படித் தப்பு வரும்? ஒரு பிழையும் இல்லை என்று எழுதி, காப்பியோடு சேர்த்து உறையில் போட்டார்கள்.

சாயங்காலம் கண்டக்டர் வந்தார். போர்மேன் அவரைப் படியில் நிறுத்தினார். "ஏஞ்சாமி, அடுத்தவங்க பொருளக் கொண்டாரையில நனையாமக் கொண்டாரத் தெரியாதா?"

"நனையலீங்க. சீட்டுக்கு அடியில வெச்சுத்தான் கொண்டாந்தேன்."

"நனையாமயா ஊதாவாச்சு?"

"சத்தியமா நனையலீங்க."

"இன்னிக்கு மட்டும் கொண்டு போ. அடுத்த வாரத்துலருந்து வேற பஸ்சுல தாட்டிவிட்டுக்கறோம்."

அந்த ஆள் என்னைப் பார்த்தார். உதவிக்குத்தான் பார்த்தார், நான்தானே தினமும் அவர் கையிலிருந்து வாங்குகிறவன். நான் எழுத்துத் தட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டேன். மரத்தட்டில் ஒவ்வோர் அறையாகத் தூசி ஊதினேன். ஊத வேண்டிய தூசி எதுவும் இல்லை.

புதன், வியாழன் இரண்டு நாளும் நான் நின்ற இடத்தில் நிற்கவில்லை. கந்தன் கேட்காமலே அவனுக்குத் தாள் எடுத்துக் கொடுத்தேன். பாவாயி அக்காவுக்குப் பசை கலக்கினேன். "உனக்கு ஒடம்புக்கு என்ன, ஊட்டுல சண்டையா?" என்றது. பஸ் சத்தம் கேட்டால் வாசலுக்குப் போவேன். வேறு பஸ்சாக இருக்கும்.

வெள்ளிக்கிழமை காலை வாத்தியாரே வந்தார். அதைத்தான் முதலில் எழுதினேன்.

"இந்தக் கோடெல்லாம் யாரு போட்டது?"

போர்மேன் அவர் கையிலிருந்த காப்பியைக் காட்டினார். "உங்க காப்பிதானுங்களே. புரூப் அதுப்படித்தான் இருக்குது."

"ஒன்னு ரெண்டு எனக்கே கை தவறும். ஒம்பது தவறாதுங்க." வாத்தியார் புரூப்பை நீட்டினார். பரீட்சைத் தாள் மாதிரி ஒன்பது இடத்தில் சிவப்புச் சுழி. "நான் கட்டுக் கட்டிக் குடுத்தன்னிக்கு மழையும் இல்ல. இவரக் கேட்டேன். தன் மேல பழி போட்டாங்கன்னு சொல்றார். அதான் கூட்டியாந்தேன்."

கண்டக்டர் படிக்கு வெளியே நின்றார், உள்ளே வரவில்லை. செருப்பைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

அவர் கையில் அந்தச் செருப்பைப் பார்த்த பிறகு எழுத்துத் தட்டை விட்டு முன்னால் வந்தேன்.

"நான்தானுங்க" என்றேன்.

சொன்னதும் எல்லாவற்றையும் சொன்னேன். பக்கத்தை நனைத்தது, மேலே வைத்தது, காயவைத்தது, கோடு போட்டது, மழை என்றது. என் வாழ்நாளில் அவ்வளவு நேரம் பேசினதில்லை. கண்டக்டர் பக்கம் திரும்பிக் கும்பிட்டேன். அவர் செருப்பைக் கீழே போட்டுக் காலில் மாட்டிக்கொண்டார். "வண்டி எடுக்கோணும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

போர்மேன் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். "நாலு நாளா உன்ற விரலத்தான் பாத்துக்கிட்டிருக்கறேன்" என்றார். "நீயாச் சொல்லுவியான்னு."

'சாமி' வரும் என்று காத்திருந்தேன். அதற்குள் வாத்தியார் கேட்டார்.

"உனக்கு இங்கிலீஷ் தெரியுமா?"

"தெரியாதுங்க."

"அப்பறம் எப்படிக் கோடு போட்ட?"

கொக்கி என்றேன். கொக்கிக்கு அடுத்தது, இல்லாவிட்டால் கொக்கியே என்றேன். வாத்தியார் சுந்தரத்தைப் பார்த்தார். சுந்தரம் கூரையைப் பார்த்தார்.

"முப்பத்திரண்டுல இருபத்திமூணு சரி. என்ற கிளாசுல பாதிப் பேரு இத்தன வாங்கறதில்ல. அது கெடக்கட்டும். இதப் பாரு." ஒரு சுழியில் விரலை வைத்தார். "நான் சந்தையில வாங்கின மாடு செத்துப்போச்சு. இதான் வாக்கியம். உள்ள இருக்கற சின்ன அடுப்பு எது? வாங்கினது. வாங்கினது யாரு?"

"நானுங்க."

"நீ 'விச்'சத் தடியாப் போட்டிருக்கற, 'விச்'சுன்னா இங்க மாடுதான். மாடா சந்தைக்குப் போயி உன்ன வாங்கிட்டு வந்துச்சு?"

கந்தன் சிரித்துவிட்டான். பாவாயி அக்கா தாளால் வாயை மூடிக்கொண்டது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் அந்த இடத்தில் எனக்கு ஒன்று பிடிபட்டது. கொக்கியைப் பார்க்கக்கூடாது. வேலையைப் பார்க்கவேண்டும். எத்தனை வேலை நடக்கிறதோ அத்தனை அடுப்பு. ஒவ்வொன்றுக்கும் செய்கிற ஆள் யார் என்று கேட்கவேண்டும்.

வாத்தியார் குரல் மாறியது. "தப்புப் போட்டதுக்கு எனக்குக் கோவம் இல்ல. தெரியலீன்னா காலியா உட்டிருக்கலாம். நான் போட்ட மாதிரியே போட்டு எனக்கே அனுப்பியிருக்கற. நான் அசந்திருந்தா என்ற பேருல இது அச்சாகியிருக்கும். பசங்க என்ன நம்பிப் படிப்பானுங்க."

நான் ஊதா விரலைத் துணியில் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

வெளியே பஸ் ஹாரன் அடித்தது. வாத்தியாருக்குப் பதினொரு மணிக்குக் கிளாஸ். மீதியை நின்றபடியே ஓட்டமாகப் பார்த்தார். ஒன்பதையும் திருத்தினால் அடிக்கலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். போகும்போது போர்மேனிடம் மெதுவாக ஏதோ சொன்னார். எனக்குக் கேட்கவில்லை.

போர்மேன் என்னிடம் வந்தார். "பாரம் மெஷின விட்டு எறங்கற வரைக்கும் இரு. அப்பறம் பாத்துக்கலாம்."

அப்படியானால் சாயங்காலம் வரை. ஒன்பதையும் மாற்றினேன். நாலு பக்கத்தையும் இரும்புச் சட்டத்தில் பூட்டினோம். கந்தன் மெஷினில் ஏற்றினான். ஐந்நூறு பிரதிக்கு எண்ணிக் கொடுத்த தாள். பர்மிட் தாள். சேதத்துக்கென்று பத்துத் தாள் அதிகம், அவ்வளவுதான்.

கந்தன் மிதிக்க ஆரம்பித்தான். எனக்குக் கையில் வேலை இல்லை. சும்மா நின்றால் போர்மேன் பார்ப்பார் என்று, அடித்துவந்த முதல் தாளை எடுத்து வைத்துக்கொண்டு படித்தேன். படித்தேன் என்று எழுதுகிறேன். அன்றைக்கு அது படிப்புதான். ஒவ்வொரு வாக்கியமாக எடுத்து எத்தனை வேலை நடக்கிறது என்று எண்ணினேன். அர்த்தம் தெரியாத இடத்தில் சுந்தரத்தைக் கேட்டேன். அவர் எரிச்சலோடு சொன்னார்.

முதல் பக்கத்திலேயே ஒரு வாக்கியம். சுவருக்கு மேல் தொங்கிய மாங்காயைத் திருடிய பையன் ஓடிப்போனான். ஓடினது ஒன்று. திருடினது ஒன்று. தொங்கினது ஒன்று. மூன்று அடுப்பு. ஓடினது பெரிய வாக்கியம், அதற்குத் தடி வேண்டாம். திருடின பையனுக்கு 'ஹூ', தடியாக இருந்தது. தொங்கின மாங்காய்க்கு 'தட்' என்ற சொல் இருந்தது. அது மெல்லிய எழுத்தில் இருந்தது. வாக்கியத்துக்கு ஒன்று என்று நான் போட்ட கணக்கு. வாத்தியார் அவசரத்தில் 'ஹூ' சரியாக இருப்பதைப் பார்த்துத் தாண்டிவிட்டார்.

மறுபடி எண்ணினேன். மூன்று அடுப்பு. ஆள் கணக்கில் வருவது இரண்டு.

மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. கந்தன் மிதித்தால் நிமிடத்துக்குப் பத்துப் பன்னிரண்டு தாள். ஒவ்வொரு தாள் விழும்போதும் 'டப்' என்று சத்தம். நான் மெஷின் பக்கம் போனேன், வந்தேன், மறுபடி போனேன். திரும்பி வந்தேன். சொன்னால் என்ன ஆகும்? காலையில்தான் எல்லாரும் கேட்க ஒத்துக்கொண்டாயிற்று. இப்போது பத்தாவது தப்பு என்று போய் நிற்பதா? வாத்தியார் கையெழுத்து இருக்கிறது. அதைத் தொடக்கூடாது என்பது சட்டம். சொல்லாவிட்டால் ஒருவருக்கும் தெரியாது. வாத்தியாரே பார்க்கவில்லை. இளம்பிள்ளையில் மூன்று தறி நின்று கிடக்கிறது. டப். டப். எனக்குத் தப்பாகவும் இருக்கலாம். நாலாம் வகுப்பு படித்தவன் வாத்தியாருக்குத் திருத்தம் சொல்வதா? டப்.

போர்மேன் முன்னால் போய் நின்றேன்.

"அண்ணா, ஒன்னு உட்டுப்போச்சுங்க."

அவர் தாளைப் பார்க்கவில்லை. "வாத்தியாரு கையெழுத்துப் போட்டிருக்காரு."

"ஆமாங்க."

"நீ வாத்தியாரா?"

"இல்லீங்க."

"உறுதியாத் தெரியுமா?"

"உறுதியாத் தெரியாதுங்க. மூணு அடுப்பு இருக்குதுங்க. ஆளு ரெண்டுதான் இருக்குது."

அவர் தாளை வாங்கினார். அவருக்கும் இங்கிலீஷ் என்னளவுதான். நான் வரியில் விரல் வைத்துக் காட்டினேன். ஊதா விரல். ஓடினது, திருடினது, தொங்கினது. அவர் உதடு அசைந்தது. எண்ணுகிறார் என்று தெரிந்தது. டப். டப்.

"கந்தா, நிறுத்து" என்றார்.

அந்த ஆபீசில் கையெழுத்துப் போட்ட பாரத்தை அவர் நிறுத்தினது அது ஒரு தடவைதான்.

சட்டத்தைத் தளர்த்தி, ஊசியால் மெல்லிய நாலெழுத்தையும் கிள்ளி எடுத்தேன். தடித்த நாலெழுத்து அகலம் கூடுதல். வரியில் இடைவெளிக் கட்டைகளை மெலிசாக மாற்றி உள்ளே விட்டேன். போர்மேன் பூட்டைத் தானே முடுக்கினார். வாத்தியாருக்கு ஒரு கார்டு எழுதிச் சாயங்கால பஸ்சில் கொடுக்கச் சொன்னார். யார் பஸ் என்று கேட்டேன். "எப்பவும் போற பஸ்சுதான்" என்றார். கண்டக்டர் கார்டை வாங்கிப் பையில் வைத்தார். என்னிடம் பேசவில்லை. அவர் பேச இரண்டு மாதம் ஆயிற்று.

மறுநாள் வாத்தியாரிடமிருந்து பதில் வந்தது. அதே கார்டின் ஓரத்தில், சிவப்பு மையில், 'சரி'.

'அப்பறம் பாத்துக்கலாம்' என்று போர்மேன் சொன்னதை நான் வெகுநாள் எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு சாயங்காலமும் துணியை மடிக்கும்போது பின்னால் வெற்றிலைச் சத்தம் கேட்கிறதா என்று பார்ப்பேன். அவர் ஓய்வு பெற்றுப் போகும் வரை அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அவருக்குப் பிறகு அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்தேன். அவர் வைத்த இரண்டு சட்டத்தையும் நான் மாற்றவில்லை. ஒன்று மட்டும் சேர்த்தேன். காப்பி இருக்கிற மேசையில் ஸ்பஞ்சு வைக்கக்கூடாது.

எழுத வேண்டியது இன்னும் ஒன்று இருக்கிறது.

மெஷின் நிற்பதற்கு முன் அச்சான தாள்கள் ஒரு பக்கமாகக் கிடந்தன. தள்ளிப்போட வழியில்லை. பர்மிட் தாள் அது, முதலாளியாலும் வேறு வாங்க முடியாது. நான் கேட்டேன்: "அண்ணா, அதுலயெல்லாம் நான் உக்காந்து கோடு போட்டுக் குடுத்தர்றனுங்க. தடிக்குப் பதிலா."

"இனிமே நீ எந்தத் தாள்லயும் பென்சிலத் தொடாத" என்றார்.

அது அவர் கோபமா, கேலியா, எனக்கு இன்றுவரை தெரியாது. பாவாயி அக்கா மட்டும் சிரித்தது.

அந்தத் தாள்கள் அப்படியே மற்றத் தாள்களோடு சேர்ந்தன. மடித்தார்கள், தைத்தார்கள், கட்டுக் கட்டி பஸ்சில் ஏற்றினார்கள். எந்தப் பையன் கைக்கு எது போனது என்று தெரியாது. மாங்காய்க்கு ஆள் இல்லாத புத்தகத்தைப் படித்துவிட்டு எத்தனை பேர் பரீட்சை எழுதினார்களோ அதுவும் தெரியாது. நான் நாலு தடவை மெஷினுக்கும் எழுத்துத் தட்டுக்கும் நடந்திருக்கிறேன். முதல் தடவையே சொல்லியிருந்தால் எவ்வளவு குறைந்திருக்கும் என்று இப்போதும் கணக்குப் போடுகிறேன்.

மற்றவற்றோடு சேர்ப்பதற்கு முன் போர்மேன் அவற்றை எண்ணச் சொன்னார். பாவாயி அக்கா கட்டைவிரலில் எச்சில் தொட்டு, ஓரத்தைத் தூக்கித் தூக்கி எண்ணியது. நான் பக்கத்தில் நின்றேன்.

எழுபத்து நான்கு.